தொடைக்குள் ஒரு மாப்பிள்ளை

ஜனவரி 12

தம்பிக்கு,

போனை நீ எடுப்பதில்லை. மணி அடித்து ஓய்கிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கடிதத்தை அப்படி ஓயவிட முடியாது. கதவிடுக்கில் கிடந்து காலில் படும். அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆய்வகத்தில் எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில் பேசுகிறார்கள், காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல. அப்பா எப்படிப் போனார் என்று கேட்பவர்களுக்கு, மாடிப்படியில் வழுக்கி விழுந்தார், தலையில் அடி, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது என்கிறேன். அன்று நீ போனில் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் என்னிடம் இல்லை.

நான் வந்து இறங்கியபோது எரியூட்டியும் முடித்திருந்தாய். ஒரு நாள் எனக்காகக் காத்திருந்திருக்கலாம். சாம்பல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாய். நான் இருந்த மூன்று நாளும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் என்று கேட்க அங்கே எனக்கு வாய் வரவில்லை. இங்கே வந்தபிறகும் வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும், சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். பிணம் எரிக்கிற மின் உலைச் சூட்டில் டைட்டானியம் உருகாது. இடுப்பு மூட்டு மாற்றியபோது அப்பாவின் வலது தொடையில் வைத்த கம்பி சாம்பலோடு கிடைத்திருக்கும். உன்னிடம் இருந்தால் எனக்கு அனுப்பு. நான் செய்த உலோகக் கலவையில், ஆறு வருஷம் ஒரு மனித உடம்புக்குள் இருந்து நடந்த கம்பி அது. அப்படி ஒன்று இந்த உலகத்தில் வேறு இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

பெரியவள்


ஜனவரி 21

அக்கா,

"அப்படி ஒன்று இந்த உலகத்தில் வேறு இல்லை." இந்த வரியைப் படிச்சதும் கடிதத்தை அப்படியே மடியில வெச்சுட்டேன். நீ அப்பாவைப் பத்தி எழுதியிருக்கேன்னு நெனச்சுட்டேன். மறுபடி மேல இருந்து படிச்சப்பதான் தெரிஞ்சுது, கம்பியைப் பத்தி.

கம்பி என்கிட்டதான் இருக்கு. சுடுகாட்டுல வேலை பாக்கறவர் கையுறையோட எடுத்துட்டு வந்து, "உங்களுக்கு வேணுமா, இல்ல நாங்களே போட்டுடலாமா"ன்னு கேட்டார். வேணாம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள கை நீண்டுடுச்சு. ரெண்டு துண்டையும் ஒரு காகிதப் பையில போட்டுக் குடுத்தார். இன்னும் இளஞ்சூடா இருந்துச்சு. காய்ச்சின உலோகம் மாதிரி இல்ல, போத்திக்கிட்டுப் படுத்திருக்கிற ஆளோட தொடை மாதிரி. வீடு வர்ற வரைக்கும் அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்.

அனுப்ப மாட்டேன். நீ அதை அறுப்ப. அவர் உசுரோட இருந்தப்பவும் நீ பண்ணது அதானே. வாராவாரம் போன். "நடை எப்படி இருக்கு, படி ஏறறீங்களா, வலி பத்துக்கு எத்தனை?" சாப்பிட்டீங்களாங்கறது அதுக்கு அப்புறம்தான். அவரும் பரீட்சை எழுதற பையன் மாதிரி நிமிர்ந்து உக்காந்து, "வலியா, பூஜ்யம்மா"ம்பார். போனை வெச்சதும் தொடையை நீவிக்கிட்டே இருப்பார்.

அந்தக் கம்பிக்கு அவர் வெச்ச பேர் உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை. "பெரியவ எனக்குன்னு ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவருவாளான்னு பாத்தேன். இவரைக் கொண்டுவந்து உள்ளயே குடிவெச்சுட்டா"ம்பார். காலைல கால் மடங்க அடம்பிடிச்சா, "மாப்பிள்ளை இன்னைக்கு முறுக்கா இருக்காரு, கொஞ்சம் பொறு"ம்பார். உன்கிட்ட சொன்னா நீ அதையும் அட்டவணையில போட்டுடுவேன்னு சொல்லல.

வழுக்கிதான் விழுந்தார். படியில தண்ணி இருந்துச்சு. அதுக்கு மேல கேக்காதே.

இன்னொண்ணு. நீ போன மறுநாள்ல இருந்து மேல நடக்கற சத்தம் கேக்குது. நான் வானொலி நிலையத்துல ஒலிப்பதிவு பண்றவன். குழாய் இரையறது எது, பலகை முறுகறது எது, மனுசன் நடக்கறது எதுன்னு தெரியாதவன் இல்ல. இது நடக்கறது.

சின்னவன்


ஜனவரி 29

தம்பி,

"ரெண்டு துண்டையும்" என்று எழுதியிருக்கிறாய். போகிறபோக்கில் எழுதிவிட்டாயா, நான் பார்க்க வேண்டும் என்று எழுதினாயா, தெரியவில்லை. அதைப் படித்தபிறகு மற்ற வரிகளுக்கு வர எனக்கு நேரமானது.

அது ஒரே துண்டாக இருக்க வேண்டிய கம்பி. உடைந்தது எங்கே? மேலே உருண்டைத் தலை பொருந்துகிற கழுத்திலா, நடுவிலா? முறிந்த முகத்தின் நிறம் என்ன? வெளிப்பக்கம்போலவே சாம்பல் படிந்திருக்கிறதா, புதிதாக உடைத்ததுபோல் பளிச்சென்று இருக்கிறதா? தொடாமல், துடைக்காமல், பார்த்து மட்டும் சொல். பளிச்சென்றிருந்தால், சாம்பலைக் கிளறும்போது அவர்கள் உடைத்தது. நானும் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் கோபத்தைப் படித்தேன். அந்த வரிக்கு வெட்கப்படுகிறேன். ஆனால் ஒன்றை நீ சரியாக நினைவு வைத்துக்கொள். அப்பாவிடம் நான் போய்க் கேட்கவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் நீயும் இருந்தாய்.

வழக்கமான கம்பி மகா விறைப்பு, எலும்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், இரண்டும் ஒன்றாக இருந்தால் பாரத்தையெல்லாம் கம்பியே வாங்கிக்கொள்ளும் என்று நான் சொன்னேன். வேலையில்லாத எலும்பு மெல்லக் கரைந்துபோகும். அதனால் டைட்டானியத்தோடு நையோபியமும் சிர்கோனியமும் சேர்த்து, எலும்போடு சேர்ந்து வளைகிற கம்பி ஒன்று செய்திருக்கிறோம், இனி மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "முதல்ல யாருக்கு?" என்றார். யாரோ ஒருவர், ஒப்புக்கொள்கிற நோயாளி என்றேன். "அடுத்த வீட்டு அப்பனுக்கு வெச்சுப் பாத்துட்டு அப்புறம் எனக்கு வெப்பியா? என் இடுப்பும்தான் தேஞ்சு கிடக்கு. எனக்கே வை" என்றார். நான் மாட்டேன் என்றேன். நீ சிரித்தாய். அவர் விடவில்லை.

அப்பாவுக்குப் பிறகு பதினோரு பேருக்கு அதே கம்பியை வைத்திருக்கிறோம். இந்த நேரத்தில் அவர்கள் எங்கேயோ படி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன். அனுப்பு.

மேலே நடப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். என் அறைக்கு அடுத்த அறையில் ஓர் இயந்திரம், கம்பியை வளைத்து விட்டு, வளைத்து விட்டு, பகலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அதன் சத்தத்தை இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறது. ஒரு காலை அழுத்தி வைத்து, மறு காலை இழுத்து வைக்கிற மாதிரி.

பெரியவள்


பிப்ரவரி 9

அக்கா,

நடுவுல உடைஞ்சிருக்கு. முகம் சாம்பல் நிறம். வெளிப்பக்கம் மாதிரியேதான்.

இது நல்ல சேதி இல்லைன்னு நீ எழுதினதுல இருந்தே புரியுது. ஆனாலும் அனுப்ப மாட்டேன். அப்பா இருந்தா அனுப்பாதேன்னுதான் சொல்லுவார். உனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே.

நான் சிரிச்சேன்னு எழுதியிருக்க. சிரிச்சேன். நீ முடியாதுன்னு சொல்லிடுவேன்னு நம்பிக்கிட்டுதான் சிரிச்சேன்.

நிஜத்தைச் சொல்லணும்னா, முதல் நாலஞ்சு வருஷம் அவர் நடந்த நடை இருக்கே, உனக்கு அது தெரியணும். ஊர்கோலம் போற மாதிரி போவார். தான் கண்டக்டரா இருந்த பழைய பஸ் டிப்போ வரைக்கும் நடந்தே போய், சின்னப் பசங்களா வேலைக்கு வந்திருக்கிற கண்டக்டர்கள்கிட்ட "உள்ள போ, உள்ள போன்னு கத்தினா எவனும் போக மாட்டான், மூணாவது ஆள் தோளைத் தொடு, எல்லாரும் போவாங்க"ன்னு பாடம் எடுத்துட்டு வருவார். அதையும் நீதான் குடுத்த. நான் இல்லைன்னு சொல்லல.

போன வருஷம்தான் மாறுச்சு. ஒரு நிகழ்ச்சிக்கு மழைச் சத்தம் வேணும்னு வீட்டு ஜன்னல்ல மைக்கை வெச்சுப் பதிவு பண்ணேன். நிலையத்துல போட்டுக் கேட்டப்ப, மழைக்கு உள்ள வேற ஒண்ணு கேட்டுச்சு. அப்பா மாடி இறங்கறார். வலது கால் வெக்கறதுக்கு முன்னாடி ஒரு நிதானம். கைப்பிடி முனகுது. அப்புறம் கால். வீட்டுல தினம் பாத்துக்கிட்டிருந்த எனக்கு, மழையைக் கேக்கும்போதுதான் அவருக்கு நொண்டல் வந்திருக்குன்னு தெரிஞ்சுது.

கேட்டேன். "வயசாகுதுல்ல"ன்னார். பெரியவகிட்ட சொல்லட்டுமான்னேன். "அவளுக்கு அங்க ஆயிரம் வேலை. மாமனாரும் மாப்பிள்ளையும் பேசித் தீத்துக்கறோம், நீ நடுவுல வராதே"ன்னார்.

அந்தப் பதிவைத்தான் இப்ப வீட்டுக்கு வந்ததும் போட்டுக் கேக்கறேன். நிறுத்தின பிறகும் மேல நடை நிக்க மாட்டேங்குது. அதே நிதானம். முனகல். கால். ஏறிப் போய்ப் பாத்தா அவர் கட்டில், விரிச்ச போர்வை, ஜன்னல் வெளிச்சம். நான் வாசப்படியில நிக்கற வரைக்கும் சத்தம் இல்ல. இறங்கினா எனக்குப் பின்னாலயே இறங்குது.

பயமா இல்ல. அவர் எதையோ கேக்க வர்ற மாதிரி இருக்கு. நான்தான் திரும்பிப் பாக்க மாட்டேங்கறேன்.

சின்னவன்


பிப்ரவரி 17

தம்பி,

நேற்று ஒரு பெண்மணி வந்தார். பேக்கரி வைத்திருக்கிறார். மாவுப் பலகைக்கு முன்னால் நின்றே இடுப்பு போனவர். பதினோரு பேரில் ஒருவர், அப்பாவையும் சேர்த்து எண்ணினால் மூன்றாவது. வருஷாந்திரப் பரிசோதனைக்கு வந்து எக்ஸ்ரேக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அந்த வழியாகப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்த விதத்தைப் பார்த்தேன். கையை நாற்காலியில் ஊன்றி, ஒரு நிதானம், அப்புறம் வலது கால்.

வலி இருக்கிறதா என்று கேட்டேன். "தொடையில கொஞ்சம் குடையுது. மழைக்காலம்ல, போயிடும்" என்று சொல்லிச் சிரித்தார். உன் கடிதம் என் பையிலேயே இருந்தது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மயிரிழை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாது. எங்கள் இயக்குநரிடம் போனேன். "உங்கள் அப்பா படியில் விழுந்திருக்கிறார். விழுந்த வேகத்தில் எந்தக் கம்பியும் முறியும். ஒருவருக்குத் தொடை வலிக்கிறது என்பதற்காக நன்றாக நடக்கிற பதினோரு பேரை எப்படி மறுபடி வெட்டுவது? வெட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது" என்றார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. என்னிடம் இருப்பது ஒரு சந்தேகமும், தம்பியின் மழைப் பதிவும்தான்.

அப்பாவின் கம்பி விழுந்ததால் முறிந்திருந்தால் அதன் முகத்தில் ஒரே அடியில் கிழிந்த தடம் இருக்கும். நாள்பட்ட விரிசல் என்றால் அதற்கு வேறு தடம் இருக்கும். தீ பாதிக் கதையைத் தின்றிருக்கும், மீதி இருக்கும். அதைப் பார்க்காமல் அந்தப் பேக்கரிக்காரரைப் பார்த்து "போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் போகிறவரைக்கும் வராந்தாவில் நின்று அவர் காலடிகளைக் காதால் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பா அனுப்ப வேண்டாம் என்பார் என்கிறாய். முதலில் தனக்கே வைக்கச் சொன்ன அப்பாவைத்தான் எனக்குத் தெரியும்.

பெரியவள்


பிப்ரவரி 26

அக்கா,

கம்பியை அப்பாவோட பழைய கண்டக்டர் தோல் பையில வெச்சு அனுப்பியிருக்கேன். சில்லறை போடற அறையில சின்னத் துண்டு, டிக்கெட் வெக்கற அறையில பெரிசு. உள்ள பஞ்சு அடைச்சிருக்கேன். துடைக்கல.

பார்சல் ஆபீஸ்ல "உள்ள என்ன"ன்னு கேட்டாங்க. "இயந்திர பாகம்"ன்னேன். வெளிய வந்ததும் நடைபாதையில உக்காந்துட்டேன். யாரோ தண்ணி குடுத்தாங்க.

அந்தப் பேக்கரி அம்மாவைப் படி ஏற வேணாம்னு சொல்லு.

சின்னவன்


மார்ச் 20

தம்பி,

பையைப் பிரிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. அதில் அப்பா வாசனை இருந்தது என்று எழுத நினைத்தேன். இல்லை. பழைய காசு வாசனை. அதுவும் அவருடையதுதான்.

மேலே படிந்திருந்த பொருக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி நுண்ணோக்கியில் வைத்தோம். மற்றவர்கள் பார்க்கட்டும் என்று நான் வெளியே நின்றேன். கூட வேலை செய்கிற பெண் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள்.  நான் உள்ளே போய்ப் பார்த்தேன்.

ஈர மணலில் அலை வந்து போனபிறகு வரிவரியாக விட்டுப்போகும் அல்லவா, அப்படி இருந்தது. ஒரு புள்ளியில் தொடங்கி, விரிந்து விரிந்து, கம்பியின் முக்கால் அகலத்துக்கு. ஒரே நாளில் நடந்ததில்லை. மாதக் கணக்கில், அவர் நடந்த நடையெல்லாம் சேர்ந்து விட்ட வரிகள். நம்மிடம் "பூஜ்யம்" என்று சொல்லிக்கொண்டே நடந்த நடை. மிச்சமிருந்த கால் பங்குதான் கடைசியில் ஒரே அடியில் கிழிந்திருக்கிறது.

தொடங்கிய புள்ளி எது என்பதைத்தான் எழுதக் கை வரவில்லை. ஒவ்வொரு கம்பியிலும் யாருடையது என்று தெரிய ஓர் எண் லேசரால் எரித்திருப்போம். உலோகத்தில் எந்தக் குறையும் இல்லை, தம்பி. எலும்போடு சேர்ந்து அழகாக வளைந்திருக்கிறது. ஆனால் அது அதிகம் வளைகிற இடத்தில், இழுபடுகிற பக்கத்தில், எண்ணை எரித்திருக்கிறோம். அப்பா முதல் நோயாளி. அந்த 'ஒன்று' என்கிற கோட்டின் அடிநுனியில் விரிசல் பிறந்திருக்கிறது.

இதே வடிவத்தை இயந்திரத்தில் போட்டு ஒரு கோடித் தடவை வளைத்துப் பார்த்துவிட்டுத்தானே மனிதருக்கு வைத்தோம் என்று நீ கேட்கலாம். வளைத்தோம். அந்தக் கம்பிகளில் எண் இல்லை. இயந்திரத்தில் மாட்டிய கம்பி யாரோடும் மாறிப்போகாது, அதற்கு எதற்கு எண் என்று இருந்துவிட்டோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

படங்களை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். மனிதர் நெடுநேரம் பார்த்தார். "அந்த அம்மாவை இன்றைக்கே கூப்பிடுங்கள்" என்றார். போன செவ்வாய்க்கிழமை அவருடைய கம்பியை மாற்றினார்கள். வெளியே எடுத்ததை என் கையில் கொடுத்தார்கள். தீ படாதது, சுத்தமானது. 'மூன்று' என்கிற எண்ணின் வளைவுக்குக் கீழே ஒரு மயிரிழை. 

அவர் நன்றாக இருக்கிறார். மற்ற பத்துப் பேரையும் கூப்பிட்டாயிற்று. வலி இருக்கிறவர்களுக்கு மாற்றுகிறார்கள். இல்லாதவர்களிடம் உள்ளதைச் சொல்லி, அவர்கள் முடிவுக்கு விடுகிறார்கள். ஒருவர் என்னைத் திட்டினார். நியாயம்தான்.

நீ கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நான் தினம் என்னையே கேட்டுக்கொள்கிறேன். முறிந்து விழுந்தாரா, விழுந்து முறிந்ததா? அந்தக் கடைசிக் கால் பங்கு கிழிந்தது படியில் காலை ஊன்றியபோதா, விழுந்து தரையில் மோதியபோதா? அதைக் கம்பி சொல்லாது. தண்ணீர் இருந்தது என்று நீ சொன்னாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கிறேன்.

பெரியவள்


ஏப்ரல் 2

அக்கா,

படியில தண்ணி இல்ல.

இதை எழுதறதுக்கு முன்னாடி மூணு தாள் கிழிச்சுட்டேன். ஒழுங்கா எழுத வராது, அப்படியே சொல்லிடறேன்.

நான் சமையல்கட்டுல இருந்தேன். அவர் இறங்கி வர்ற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நிதானம், கைப்பிடி, கால். பாதிப் படி இருக்கும். டப்புன்னு ஒரு சத்தம். காஞ்ச குச்சி துணிக்குள்ள ஒடியற மாதிரி. அதுக்கு அப்புறம் ஒரு மூச்சு நேரம் ஒண்ணுமே இல்ல. அவர் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கார். அப்புறம்தான் விழுந்தார்.

நான் ஓடறப்ப கீழ கிடந்தார். நினைவு இருந்துச்சு. தலையில இருந்து ரத்தம். என் சட்டைக் காலரைப் பிடிச்சுக் கிட்ட இழுத்தார். அழற மாதிரி இருந்துச்சு முகம், பாத்தா சிரிக்கறார். "மாப்பிள்ளை கால வாரிட்டாருடா"ன்னார்.

நான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணிட்டு வந்தேன். அதுக்குள்ள சிரிப்பு போயிடுச்சு. "அவகிட்ட சொல்லிடாதே. வழுக்குச்சுன்னு சொல்லு"ன்னார். வண்டியில ஏத்தின பிறகும் என் கையை விடல. நர்ஸ் பேசாதீங்கன்னு சொல்லச் சொல்ல, "தண்ணி இருந்துச்சுன்னு சொல்லு. படியில தண்ணி. அவ மேல ஒண்ணும் வரக் கூடாது"ன்னுக்கிட்டே இருந்தார். அவர் சர்வீஸ்ல பஸ் எங்கயாவது இடிச்சா முதல் ஆளா இறங்கி, "டிரைவர் மேல தப்பு இல்ல"ன்னு சொல்ற ஆள் அவர். கடைசி வரைக்கும் டிரைவரை விட்டுக் குடுக்கல.

அதனாலதான் உனக்காகக் காத்திருக்காம எரிச்சேன். நீ வந்தா காலைப் பாத்துடுவ. உன் முகத்தைப் பாத்தா நான் உளறிடுவேன். எரிச்சா எல்லாம் போயிடும்னு நெனச்சேன். கையுறை போட்டவர் கொண்டுவந்து நீட்டறப்பதான் அது எரியாதுன்னு தெரிஞ்சுது.

உன் மேல கோபம் இல்லாம இல்ல. ரொம்ப இருந்துச்சு. அவர் உன்னைக் காப்பாத்தச் சொல்லிட்டுப் போயிட்டார், நான் உன்னைத் திட்டக்கூட முடியாம பொய்யைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்னு ஒரு எரிச்சல். நீ போன் பண்ணும்போதெல்லாம் அந்தப் பொய்யை மறுபடி சொல்லணுமே, அதான் எடுக்கல. கடிதத்துல அது சுலபமா வந்துச்சு. "தண்ணி இருந்துச்சு"ன்னு எழுதின அன்னைக்குத்தான் மேல நடக்கற சத்தம் ரொம்ப அதிகமா இருந்துச்சு.

உன் கடிதம் வந்ததும் படிச்சுட்டு மாடிக்குப் போனேன். கட்டில்ல உக்காந்து, "அப்பா, அந்தப் பேக்கரி அம்மா பொழைச்சுடுச்சு. உங்க கம்பியாலதான். இப்ப சொல்லிடட்டுமா?"ன்னு சத்தமா கேட்டேன். பைத்தியம் மாதிரிதான். பதில் ஒண்ணும் வரல. வேணாம்னும் வரல.

இப்ப சொல்லிட்டேன். முதல்ல முறிஞ்சுது. அப்புறம்தான் விழுந்தார்.

சின்னவன்


ஏப்ரல் 19

சின்னவனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஆய்வகத்துக்குப் போகவில்லை. மறுநாள் போனேன். அடுத்த அறை இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நின்றபிறகும் எனக்குக் கேட்டது.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் அன்று வந்திருந்தால் காலைத்தான் பார்த்திருப்பேன். அது உண்மை.

நேற்று விசாரணைக் குழு கூடியது. வெளியூரிலிருந்து வந்த மூன்று பேர். தலைவர் வயதான எலும்பு மருத்துவர், காது கொஞ்சம் மந்தம். அவர்களிடம் இருந்த தாள்களில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நான் படங்களைக் காட்டி, எண் எரித்த இடத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் தலைவர் கேட்டார்.

"முதலாம் நோயாளி விஷயத்துல, கம்பி முதல்ல முறிஞ்சுதுன்னு சொல்றீங்க. படத்தை வெச்சு அதைச் சொல்ல முடியாதே?"

"முடியாது. அவரே சொன்னார்."

"யார்கிட்ட?"

"மகன்கிட்ட. விழுந்து கிடந்தப்ப."

"மகன் உங்ககிட்ட சொன்னாரா? அவரை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"என் தம்பி."

அவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"என் தம்பி, ஐயா. முதலாம் நோயாளி என் அப்பா."

எங்கள் இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். மற்ற இருவரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"வலி இருந்துதா அவருக்கு?" என்றார்.

"ஒரு வருஷமா இருந்திருக்கு. என்கிட்ட இல்லைன்னு சொன்னார்."

"உங்களைக் காப்பாத்தவா?"

 தலையை ஆட்டினேன். அவர் பேனாவை எடுத்து, "இதை எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

இன்று காலை முடிவு வந்தது. கலவையைக் கைவிடவில்லை. எண்ணை வளையாத இடத்துக்கு மாற்றி, எண்ணோடு சேர்த்தே இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தபிறகுதான் இனி யாருக்கும் வைக்க வேண்டும். அதை நடத்துவது நானில்லை. சொந்த அப்பாவை முதல் நோயாளியாக வைத்தவள் நடத்தக் கூடாது என்றார்கள். நுண்ணோக்கி அறைக் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாளே, அவளிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பெண். எனக்கு வேறு வேலை தருவார்கள், அதுவரை லீவு.

ராத்திரியில் ஒரே ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு நேரம் நின்றார் என்று எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் என்னைத்தான் நினைத்திருப்பார், என்ன பொய் சொல்லலாம் என்று. அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. தாண்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பேக்கரிக்காரர் நேற்று ஊன்றுகோலோடு வராந்தாவில் நடந்தார். என்னைப் பார்த்ததும், "உங்க முகம் ஏன் இப்படி இருக்கு, சாப்பிடறதே இல்லையா?" என்றார். யார் யாரைக் கேட்பது என்று இல்லை பார்.

வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வழி தெரியும். துண்டுகளைக் குழு வைத்துக்கொண்டது. பை மட்டும் என்னோடு வருகிறது. எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்காதே. மேலே யார் நடந்தாலும் நடக்கட்டும். நாம் இருவரும் கீழே உட்கார்ந்திருப்போம்.

பெரியவள்